கம்பியில் நாலாவது கோடு

டிராக்டர் கயிறு கட்டி இழுத்து வந்த ஜீப்புக்குப் பின்னால் ஒரு ஊர்வலமே வந்தது. நான் பட்டறை வாசலில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றேன். மழை விட்டு ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது. ஜீப்பின் ஜன்னல் மட்டம் வரைக்கும் சேறு, பானட்டின் மேல் ஒரு கற்றை கோரைப்புல். நடுவே ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, இடுப்பு வரை நனைந்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு என் சகலை. என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். வண்டி நின்றதும் பின்னால் வந்த கூட்டம் கை தட்டியது. இருபத்திரண்டு வருஷமாக இந்தத் தெருவில் வண்டி ரிப்பேர் பார்க்கிறேன். இனி தேறாது என்று கொண்டுவந்து போட்ட எத்தனையோ இன்ஜின்களை எழுப்பி அனுப்பியிருக்கிறேன். என் பட்டறை வாசலில் கைதட்டல் கேட்டது அன்றைக்குத்தான். அதுவும் நல்லா இருந்த வண்டியை ஆற்றில் முக்கிக் கொண்டுவந்தவனுக்கு.

நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். அவன் செய்தது சின்ன காரியம் இல்லை. மத்தியானம் ஆறு திடீரென்று ஏறி, தரைப்பாலத்தை மூடிவிட்டது. அக்கரையில் ஒரு தையல் கூடம். பதினொரு பெண்கள், ஒரு டெய்லர் மாஸ்டர். இவன் ஜீப்பை எடுத்துக்கொண்டு பாலத்தின் மேல் ஓடிய தண்ணீருக்குள் இறங்கினான். இரண்டு நடையில் பதினொரு பேரையும் கொண்டுவந்து சேர்த்தான். மூன்றாவது நடை மாஸ்டருக்காக. அந்த மனுஷன் கத்திரிக்கோலை விட்டு வரமாட்டேன் என்று உட்கார்ந்திருந்தாராம். அவரையும் கத்திரிக்கோலையும் ஏற்றிக்கொண்டு திரும்பும்போதுதான் பானட்டைத் தாண்டி ஒரு அலை வந்தது. இன்ஜின் தண்ணீரைக் குடித்துவிட்டு நடுப்பாலத்தில் நின்றது. டிராக்டர் வந்துதான் வண்டியோடு இரண்டு பேரையும் கரைக்கு இழுத்தது. கரையில் நின்ற யாரோ எல்லாவற்றையும் போனில் படம் பிடித்துவிட்டார்கள். ஜீப் பட்டறைக்கு வருவதற்கு முன்பே அந்த வீடியோ மாடியில் என் வீட்டுக்கு வந்துவிட்டது.

இறங்கியதும் நேராக என்னிடம் வந்து, சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான்.

"அண்ணே, நீங்க சொன்ன மாதிரியே செஞ்சேன். வண்டி நின்ன ஒடனே சாவிய உருவி வாயில கவ்விக்கிட்டேன். என் கை சும்மா இருக்காதுன்னு எனக்கே தெரியும். இனிமே இது உங்ககிட்டயே இருக்கட்டும்."

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். வருஷக்கணக்காக இவனுக்கு நான் ஓதிக்கொண்டிருந்த பாடம் அது. தண்ணீரில் வண்டி நின்றால் சாவியைத் தொடாதே. சிலிண்டருக்குள் காற்று இருந்தால் அமுங்கிக் கொடுக்கும், தண்ணீர் ஒரு நூல்கூட அமுங்காது. சாவியைத் திருப்பினால் பிஸ்டன் மேலே போய் தண்ணீரில் முட்டும், பிஸ்டனைத் தள்ளும் கனெக்டிங் ராடு நடுவில் மாட்டி வளைந்துவிடும். அப்புறம் இன்ஜினையே இறக்கிப் பிரிக்க வேண்டும். பத்துப் பேரில் ஒன்பது பேர் பதட்டத்தில் திருப்பிவிடுவார்கள். இவன் திருப்பவில்லை. அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது.

"நல்ல காரியம் பண்ணீங்க சகலை," என்றேன். முகத்துக்கு நேரே எப்போதும் 'நீங்க'தான். மனசுக்குள் ஒரு நாளும் 'அவர்' என்று வந்ததில்லை.

தண்ணீர் குடித்த வண்டி பட்டறைக்குள் வந்தால் என் முதல் வேலை பேட்டரி வயரைக் கழட்டுவது. யாராவது தெரியாமல் சாவியைப் போட்டுவிடக் கூடாது என்பதற்காக. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அன்றைக்கு அதைச் செய்யவில்லை. ஷட்டரை இழுத்து விட்டுவிட்டு விடுவிடுவென்று மாடிக்கு ஏறிவிட்டேன். அந்தக் கைதட்டலை இன்னும் கொஞ்ச நேரம் கேட்டிருந்தால் எனக்கு நெஞ்சு வலியே வந்திருக்கும்.

பொறாமைதான். இதற்கு வேறு கௌரவமான பேர் வைக்க எனக்குத் தெரியவில்லை. மாமனார் வீட்டுக்கு இரண்டு மாப்பிள்ளைகளும் ஒன்றாகப் போனால் நடப்பதைச் சொல்கிறேன். நான் செருப்பைக் கழட்டுவதற்குள் மாமனார், "வாங்க வாங்க, நல்ல நேரத்துல வந்தீங்க, அந்தத் தண்ணி மோட்டார் ரெண்டு நாளா மக்கர் பண்ணுது," என்பார். நான் மோட்டார் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பேன். உள்ளே சகலை, மலைப்பாதையில் சுற்றுலா வந்தவர்களை ஜீப்பில் கூட்டிக்கொண்டு போனபோது நடந்ததை அளந்துவிட்டுக்கொண்டிருப்பான். வீடே விழுந்து விழுந்து சிரிக்கும். அதில் என் மனைவியின் சிரிப்பு தனியாகக் கேட்கும். வாயைப் பொத்திக்கொண்டு, அடக்க முடியாமல், மூக்கு வழியாக வெளியே வரும் சிரிப்பு. கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அந்தச் சிரிப்பை நான் ஒரு தடவை கூட வரவழைத்ததில்லை. எனக்கு ஜோக் சொல்ல வராது. ஆரம்பித்தால் பாதியில் எனக்கே மறந்துவிடும்.

அந்த ஜீப்பைத் தூக்கி நிறுத்தியது யார்? ஸ்பிரிங் மாற்றி உயரம் கூட்டியது யார்? பெரிய டயருக்குத் தகுந்த மாதிரி மட்கார்டை வெட்டியது யார்? ஒருத்தனும் கேட்கமாட்டான். வண்டியில் உட்கார்ந்து ஓட்டுகிறவனுக்குத்தான் பேர். அடியில் படுத்துக்கிடப்பவனுக்கு முகத்தில் சொட்டும் கிரீஸ்.

மறுநாள் காலையில் விடிந்ததும் டீ டம்ளரோடு கீழே இறங்கினேன். ஷட்டரை அரையளவு தூக்கினேன். ஜீப் சேறு காய்ந்து வெளிறி நின்றுகொண்டிருந்தது. கதவைத் திறந்தேன். சீட் துணியில் அவன் உட்கார்ந்திருந்த இடம் மட்டும் பள்ளமாக, ஈரமாக இருந்தது. எத்தனையோ முறை அந்த சீட்டில் உட்கார்ந்திருக்கிறேன், வேலை பார்ப்பதற்காக. அன்றைக்கு வேலைக்காக உட்காரவில்லை. அவனாக இருந்தால் எப்படி இருக்கும் என்று பார்ப்பதற்காக உட்கார்ந்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நாற்பத்தாறு வயசில் ஒரு மனுஷன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடிக்கு வெளியே ஆறு ஓடுவதாக நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

மாடியில் மறுபடியும் அந்த வீடியோ ஓட ஆரம்பித்தது. ராத்திரியே என் மனைவி எட்டுத் தடவை பார்த்துவிட்டாள். தண்ணீரின் இரைச்சல், பெண்களின் அலறல், அதற்கு மேலே அவன் குரல்: "ஒருத்தர்தான பாக்கி? இந்தா போயிட்டு வந்துர்றேன்." அப்புறம் அவள் சிரித்தாள். காலை ஆறரை மணிக்கு, பல்கூடத் தேய்க்காமல், வாயைப் பொத்திக்கொண்டு அந்தச் சிரிப்பு.

அப்போதுதான் என் கை சாவியைத் திருப்பியது.

சாவி எப்போது பையிலிருந்து வெளியே வந்தது, எப்போது துவாரத்துக்குள் போனது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. டிரைவர் சீட்டில் உட்கார்ந்தால் சாவியைத் திருப்புவது என் கைக்கு இருபத்திரண்டு வருஷப் பழக்கம். பழக்கம்தான் என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்தக் கைக்கு அது தண்ணீர் குடித்த இன்ஜின் என்று தெரியாதா? எனக்குத் தெரிந்ததெல்லாம் அதற்கும் தெரியுமே. 'டொக்' என்று ஒரே ஒரு சத்தம். வண்டி முழுக்க ஒரு குலுக்கல், உடனே கப்சிப்.

"என்னங்க, கீழ என்ன சத்தம்?" மாடியிலிருந்து மனைவி கேட்டாள்.

"ஸ்பேனர் விழுந்துச்சு," என்றேன்.

இறங்கி முதல் வேலையாகப் பேட்டரி வயரைக் கழட்டினேன். கழட்டி என்ன பிரயோஜனம்? டீ முழுவதும் தரையில் கொட்டியிருந்தது.

ஒன்பது மணிக்கு சகலை வந்தான். குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு. வரும் வழியில் நாலு பேர் நிறுத்திக் கை கொடுத்தார்களாம். வந்தவன் அந்தச் சட்டையைக் கழட்டி ஆணியில் மாட்டிவிட்டு, பனியனோடு எனக்குப் பக்கத்தில் நின்றுகொண்டான். "சொல்லுங்கண்ணே, நான் என்ன செய்யணும்?" இதுதான் அவனிடம் பெரிய தொல்லை. வெறுப்பதற்கு வசதியாக ஒரு திமிர், ஒரு அலட்சியம் ஏதாவது வைத்துக்கொள்ளமாட்டான்.

ஏர் ஃபில்டர் டப்பாவைத் திறந்தேன். பிழிந்தால் சொட்டும் அளவுக்குத் தண்ணீர், அதில் ஒரு சின்ன மீன்குஞ்சு. "சவாரிக்கு ஆசைப்பட்டிருக்கு," என்றான். அடியில் போல்ட்டைக் கழட்டி ஆயிலை வடித்தேன். கருப்பாக வரவேண்டியது பால் கலந்த டீ மாதிரி வந்தது. தண்ணீர் அடிவரை இறங்கிவிட்டது என்று அர்த்தம். கியர் பாக்ஸ், முன் ஆக்சில், பின் ஆக்சில் எல்லாவற்றிலும் அதே டீ. ஆயிலை மாற்றினேன். பிறகு சிலிண்டர்களின் தலையில் செருகியிருக்கும் நாலு பிளக்கையும் வரிசையாகக் கழட்டி, பேட்டரி வயரை மறுபடி மாட்டினேன். பிளக் இருந்த ஓட்டைகள் திறந்திருந்தால் பயமில்லை. இப்போது இன்ஜினைச் சுற்றினால், உள்ளே இருக்கும் தண்ணீருக்கு வெளியேற வழி இருக்கிறது.

சாவியை அவனிடம் நீட்டினேன். "ஏறி உக்காந்து திருப்புங்க. நான் பாக்கறேன்."

வாங்காமல் நின்றான். "திருப்பலாமாண்ணே? ஒண்ணும் ஆகாதுல்ல?"

"பிளக்கெல்லாம் வெளிய இருக்கு. இப்ப திருப்பலாம்."

அவ்வளவு ஜாக்கிரதையாக ஒருவன் சாவியைத் திருப்பி நான் பார்த்ததில்லை. இன்ஜின் சுற்றியது. நாலு ஓட்டையிலிருந்தும் தண்ணீர் பீச்சிக்கொண்டு கிளம்பி, பட்டறைக் கூரைத் தகரத்தில் அடித்து, என் தலையில் கொட்டியது. அவன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "அண்ணே, மறுபடி மழை!" என்று கத்தினான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சத்தியமாக வந்தது. ஒரு நிமிஷம் காலையில் நடந்தது எதுவுமே நடக்காத மாதிரி இருந்தது. இறங்கி வந்தவன் மறக்காமல் சாவியை மறுபடி என் கையிலேயே வைத்தான்.

அடுத்தது கம்பி. ராடு வளைந்திருக்கிறதா என்று பார்க்க இன்ஜினைப் பிரிக்க வேண்டியதில்லை, ஒரு நேரான கம்பி போதும். பிளக் ஓட்டை வழியாகக் கம்பியை உள்ளே விட்டு பிஸ்டன் தலையில் நிறுத்திக்கொண்டு, முன்னால் இருக்கும் நட்டில் ஸ்பேனர் போட்டு இன்ஜினைக் கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். பிஸ்டன் கம்பியைத் தூக்கிக்கொண்டே மேலே வரும். இனி மேலே வராது என்ற இடத்தில், ஓட்டையின் விளிம்புக்கு நேராகக் கம்பியில் அரத்தால் ஒரு கோடு. இப்படி நாலு சிலிண்டருக்கும். நாலு கோடும் ஒரே இடத்தில் விழுந்தால் எல்லா ராடும் நேராக இருக்கின்றன. வளைந்த ராடு குட்டையாகிவிடும், அதன் பிஸ்டன் முழுசாக மேலே வராது, அதனால் கம்பி கொஞ்சம் கூடுதலாக உள்ளே போகும்.

முதல் கோடு. இரண்டாவது கோடு அதன் மேலேயே விழுந்தது. மூன்றாவதும். நாலாவது சிலிண்டரில் கம்பியை விட்டபோதே என் விரலுக்குத் தெரிந்துவிட்டது. சுற்றினேன். கம்பி ஏறிக்கொண்டே வந்து, வரவேண்டிய இடத்துக்கு முன்னாலேயே நின்றது. கோடு போட்டேன். மற்ற மூன்றுக்கும் மேலே, ஒரு தீக்குச்சி கனம் தள்ளி.

"என்னண்ணே?"

"நாலாவது வளைஞ்சிருக்கு."

கம்பியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். வளைந்தால் என்ன ஆகும் என்று அவனுக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. இன்ஜினை இறக்க வேண்டும், ராடு வெளியூரிலிருந்து வரவேண்டும், வந்து மாட்டி ஓடவிடுவதற்குள் மழை முடிந்து ஆட்கள் அருவி பார்க்க வரும் இரண்டு மாதமும் போய்விடும். அவனுக்கு வருஷத்துப் பிழைப்பே அந்த இரண்டு மாதம்தான். இருப்பது இந்த ஒரு ஜீப். வெகுநேரம் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப நான் திருப்பியிருக்கேன்," என்றான்.

நான் அரத்தைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"சாவிய உருவினதுதான் ஞாபகம் இருக்கு. ஆனா உருவறதுக்கு முன்னாடி ஒரு தடவ கை போயிருக்கும்ணே. மாஸ்டர் வேற பக்கத்துல கத்திக்கிட்டிருந்தார். பயத்துல என்ன செஞ்சேன்னு யாருக்குத் தெரியும்? நீங்க அவ்வளவு சொல்லியும்... சே!"

அந்த இடத்தில் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தேன்.

"பதட்டத்துல நடக்கறதுதான் சகலை. விடுங்க," என்றேன். தோளில் தட்டிக்கூடக் கொடுத்தேன்.

எப்பேர்ப்பட்ட பெருந்தன்மை! அதைச் சொன்ன நொடியில் உள்ளுக்குள் ஒரு இனிப்பு இறங்கியதே, அதைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. அவன் ஆணியில் மாட்டிய சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தான். எதிரே வந்த ஒருவர் நிறுத்திக் கை கொடுத்தார். கொடுத்த கையை இவன் சரியாகப் பிடிக்காமலேயே நகர்ந்தான்.

மத்தியானம் மாடிக்குப் போய் மனைவியின் போனை எடுத்தேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, வீடியோவைப் போட்டு, போனைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டேன். ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜின் தண்ணீரைக் குடிக்கும்போதே ராடு வளைவதும் உண்டு. நான் ஒன்றும் கதை கட்டவில்லை, அப்படி வளைந்த வண்டிகளைப் பிரித்திருக்கிறேன். அப்படி ஆனால் நிற்கும்போது 'டொக்' என்று அடிக்கும். அந்தச் சத்தம் இதில் இருந்தால் போதும். நான் தப்பிப்பேன். அலை வந்தது. கூட்டம் கத்தியது. இன்ஜின் ஒரு தடவை இருமியது, இன்னொரு தடவை இருமியது, மூச்சு விட்டு அடங்கியது. அவ்வளவுதான். திரும்பப் போட்டேன். இருமல், இருமல், அமைதி. கூட்டத்தின் கூச்சலில் அமுங்கியிருக்கலாம் என்று ஒரு மனசு. மறுபடி போட்டேன். நான் கேட்க விரும்பிய சத்தத்தை நான் ஏற்கெனவே கேட்டிருந்தேன், காலையில், ஆறரை மணிக்கு.

பத்துத் தடவைக்கு மேல் ஓடியிருக்கும். நிமிர்ந்தால் மனைவி மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது.

"உங்களுக்கு அவரக் கண்டா ஆகாதுன்னு நெனச்சிட்டிருந்தேன்," என்றாள். "நீங்களும் பெருமையாதான் பாக்கறீங்க. சொன்னா என்னவாம்?"

போனை அவளிடம் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கிவிட்டேன்.

சாயங்காலம் மச்சினி வந்தாள், பின்னால் அவனும். அன்றைக்கு எங்கள் வீட்டில் சாப்பாடு. நாலு பேரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தோம். மச்சினி வந்ததிலிருந்தே கடுகு வெடிக்கிற மாதிரி பொரிந்துகொண்டிருந்தாள்.

"ஊர்ல எல்லாரும் தலையில தூக்கி வெச்சு ஆடுறாங்க. வீட்டுக்கு என்ன மிஞ்சுச்சு? மாமா எத்தன தடவ சொல்லியிருப்பாரு, தண்ணியில நின்னா தொடாதேன்னு. ஒண்ணே ஒண்ணு. அந்த ஒண்ண உங்களால கேக்க முடியல. இந்த சீசனுக்கு என்ன செய்யப் போறீங்க?"

"என் தப்புதான்," என்றான் அவன். தட்டைப் பார்த்துச் சொன்னான். "அண்ணன் மேல ஒண்ணும் இல்ல. அவர் சரியாதான் சொன்னாரு. என் கைதான் சும்மா இருக்கல."

"மாமாவப் பாத்துக் கத்துக்கங்க," என்றாள் மச்சினி.

எத்தனை வருஷமாக இதற்கு ஏங்கியிருக்கிறேன்! அவன் தலை குனிந்து உட்கார்ந்திருக்க, என்னைக் காட்டி அவனுக்குப் புத்தி சொல்ல ஒரு வாய். இதோ கிடைத்துவிட்டது, சுடச்சுட, தட்டில் போட்டு. சோற்றை வாயில் வைத்தேன். விழுங்க முடியவில்லை. அவன் சிரிக்கவே இல்லை. அவன் சிரிக்காத மேஜை இப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

அவன் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல், "சரி சரி, விடுடி," என்று என் மனைவி தங்கையை அடக்கினாள். "பன்னெண்டு பேர் உயிரோட வீட்டுக்குப் போயிருக்காங்க. அத மறந்துட்டு..." போனை எடுத்து, வீடியோவைப் போட்டு, தங்கையின் முகத்துக்கு நேரே பிடித்தாள். தண்ணீரின் இரைச்சல் மேஜை மேல் பரவியது.

நான் இடது கையைச் சட்டைப் பைக்குள் விட்டேன். சாவியை எடுத்து, அவன் தட்டுக்கும் என் தட்டுக்கும் நடுவில் வைத்தேன். அதில் ஒட்டியிருந்த சேறு காய்ந்து பொடியாக மேஜையில் உதிர்ந்தது.

"சாவி நேத்து சாயங்காலத்துலேர்ந்து என்கிட்டதான் இருந்துச்சு," என்றேன்.

"ஆமாண்ணே, நான்தான குடுத்தேன்," என்றான் சகலை, ஒன்றும் புரியாமல்.

"பேட்டரி வயர நான் கழட்டல. காலைல வண்டியில ஏறி உக்காந்தேன்..."

சாவியை ஒரு விரலால் அவன் பக்கம் தள்ளினேன். மச்சினி என்னையும் சாவியையும் மாறி மாறிப் பார்த்தாள். சகலை கையில் எடுத்த கவளத்தை எடுத்தபடியே வைத்திருந்தான்.

"ஸ்பேனர்," என்றாள் என் மனைவி, மெதுவாக. "ஸ்பேனர் விழுந்துச்சுன்னு சொன்னீங்க."

அவள் போனை மேஜையில் கவிழ்த்து வைத்தாள். நிறுத்தவில்லை, கவிழ்த்து மட்டும் வைத்தாள். அடியிலிருந்து ஆறு ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. "ஒருத்தர்தான பாக்கி? இந்தா போயிட்டு வந்துர்றேன்" என்றது அவன் குரல். கரையில் நின்றவர்கள் கை தட்டினார்கள்.